ஐபி ஃபோன் ஆபீஸ்ல காலர் ஐடி பாக்ஸ் மாட்டுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் வந்த உடனே யாருன்னு ஸ்கிரீன்ல தெரியணும்னு ஒரு காலர் ஐடி டிவைஸ் வாங்கி வச்சிருப்பாங்க, லேண்ட்லைன்ல அது பல வருஷம் ஒழுங்கா ஓடியிருக்கும், ஃபோன் சிஸ்டத்த விஓஐபி-க்கு (இன்டர்நெட் வழியா பேசுற முறை) மாத்தின மறுநாளே ‘அந்தப் பெட்டி செத்துப்போச்சு’ன்னு சொல்வாங்க. பெட்டி சாகல. அதுக்கு யாரும் சாப்பாடு போடல, அவ்வளவுதான். இந்த வேலைய செஞ்சு செஞ்சு திரும்பத் திரும்ப வாங்கின கேள்விகள இங்க எழுதியிருக்கேன்.

ஐபி ஃபோனுக்குப் பக்கத்துல பாக்ஸ சொருகினேன், ஒண்ணுமே காட்டல. ஏன்?

அந்த பாக்ஸ் எதிர்பாக்கிறது ரெண்டு கம்பில வர்ற அனலாக் சிக்னல். பழைய லைன்ல முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கிற அமைதில எக்ஸ்சேஞ்ச் ஒரு சின்ன மோடம் சத்தம் அனுப்பும், 1200 பாட் வேகம், அதுலதான் தேதி, நேரம், நம்பர், சில இடத்துல பேரும் இருக்கும். பாக்ஸ் அந்தச் சத்தத்தக் கேட்டு எழுத்தா மாத்தும். ஐபி ஃபோன் கேபிள்ல அந்தச் சத்தமே கிடையாது, வெறும் டேட்டா பாக்கெட் ஓடுது. டெலிஃபோன் ஒயரோட ஆர்ஜே11 பிளக் நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 ஓட்டைக்குள்ள பொருந்துற மாதிரி உள்ள போயிடும், அதனால ‘சரியாத்தான் மாட்டிருக்கேன்’னு தோணும். பொருந்துறது வேற, வேலை செய்யுறது வேற. தயவுசெஞ்சு அப்படி சொருகி வைக்காதீங்க, சாக்கெட் பின் வளைஞ்சிடும், அது போஇ ஸ்விட்சா (நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்ட்டும் கொடுக்கிறது) இருந்தா தேவையில்லாத ரிஸ்க் வேற.

அப்போ விஓஐபி-ல நம்பர் எங்கதான் இருக்கு?

எஸ்ஐபி மெசேஜ்ல. சிப்-னு சொல்வாங்களே அதேதான், கால ஆரம்பிக்கவும் முடிக்கவும் ஃபோனும் சர்வரும் பேசிக்கிற முறை, 2002-ல வந்த ஆர்எஃப்சி 3261-ங்கிற இன்டர்நெட் ஸ்டாண்டர்ட்தான் இதுக்கு அடிப்படை. ஒரு கால் வரும்போது சர்வர் உங்க ஃபோனுக்கு ‘இன்வைட்’னு ஒரு மெசேஜ் அனுப்பும், சாதாரணமா 5060 போர்ட்ல, படிச்சா புரியுற எழுத்துலயே இருக்கும். அதுல ‘ஃப்ரம்’னு ஒரு வரி, கூப்பிடுறவர் நம்பரும் பேரும் அங்க இருக்கும். சில சர்வீஸ்ல ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’னு இன்னொரு வரியும் வரும், இதப் பத்தி கீழ சொல்றேன், பாதி குழப்பமே அந்த ரெண்டு வரிலதான்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கங்க: எந்த டிவைஸா இருந்தாலும் கால் எந்த வழியா போகுதோ அந்த வழில உட்கார்ந்திருந்தாதான் அதுக்கு நம்பர் தெரியும். பழைய லைன்ல சுவத்துல எங்க மாட்டினாலும் அதே கம்பிதான், அதனால யாரும் இத யோசிக்கவே வேண்டியிருக்கல. இப்போ யோசிக்கணும்.

சரி, என்னென்ன வழி இருக்கு?

மூணு. ஏடிஏ-னு ஒரு சின்ன அடாப்டர் வாங்கி, அது மூலமா பழைய பாக்ஸுக்குத் தேவையான அனலாக் சத்தத்த உண்டாக்கிக் கொடுக்கலாம். இல்லனா நெட்வொர்க்ல போற எஸ்ஐபி பாக்கெட்ட நேரா படிக்கிற டிவைஸ் வாங்கலாம். இல்லனா டிவைஸே வேணாம்னு பிபிஎக்ஸ்-கிட்ட (ஆபீஸ் கால்கள வாங்கி ஒவ்வொரு ஃபோனுக்கும் பிரிச்சு அனுப்புற சிஸ்டம்) இருந்தே தகவல வாங்கிக்கலாம்.

என் அபிப்பிராயம் கேட்டா, ஒண்ணு ரெண்டு லைன் மட்டும் ஓடுற இடம், பாக்ஸும் ஏற்கனவே கையில இருக்குன்னா ஏடிஏ போதும், ஒரு மணி நேர வேலை. ஒரே நேரத்துல நாலஞ்சு கால் அடிக்கிற இடத்துல ஏடிஏ வச்சு ஓட்டுறது தலைவலி, அங்க மூணாவது வழிய முதல்ல பாருங்க. நடுவுல இருக்கிற பாக்கெட் படிக்கிற வழி விளம்பரத்துல ரொம்ப ஈசியா தெரியும், நேர்ல ஸ்விட்ச் செட்டிங் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்.

ஏடிஏ வாங்கிட்டேன், எப்படி மாட்டணும்?

முதல்ல பிபிஎக்ஸ்ல, இல்ல உங்க ஃபோன் சர்வீஸ் போர்ட்டல்ல, புதுசா ஒரு எக்ஸ்டென்ஷன் உருவாக்குங்க. அந்த யூசர்நேம் பாஸ்வேர்ட ஏடிஏ-ல போட்டு ரெஜிஸ்டர் ஆகுதான்னு பாருங்க. அப்புறம் ஏடிஏ-ல ‘ஃபோன்’னு எழுதியிருக்கிற போர்ட்ல இருந்து சாதாரண டெலிஃபோன் ஒயர் எடுத்து காலர் ஐடி பாக்ஸோட ‘லைன்’ பக்கம் மாட்டுங்க. கடைசியா வெளில இருந்து வர்ற கால் எந்த ரிங் குரூப்புக்கு (ஒரு காலுக்கு அடிக்க வேண்டிய ஃபோன்களோட லிஸ்ட்) போகுதோ அதுல இந்தப் புது எக்ஸ்டென்ஷனையும் சேருங்க. இப்போ கால் வந்தா டேபிள் மேல இருக்கிற ஃபோனும் அடிக்கும், ஏடிஏ-வும் அடிக்கும், பாக்ஸ் நம்பரப் பிடிச்சுக்கும், நீங்க ஃபோன எடுத்த உடனே சர்வர் ஏடிஏ-வுக்கு ‘கேன்சல்’ அனுப்பி நிறுத்திடும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யாருமே எடுக்காத ஒரு பேய் எக்ஸ்டென்ஷன்ங்கிறத மறந்துடாதீங்க. அதுக்கு வாய்ஸ்மெயில் ஆன்ல இருந்துச்சுன்னா நீங்க எடுக்கிறதுக்குள்ள அது எடுத்துடும், கஸ்டமர் ஒரு காலி டப்பாகிட்ட மெசேஜ் சொல்லிட்டு இருப்பார். அத ஆஃப் பண்ணுங்க, கால் ஃபார்வர்டும் ஆஃப். குரூப் ‘எல்லாம் ஒண்ணா அடிக்கும்’ மோடுல இருக்கணும். ‘ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு’ மோடுல இருந்தா ஒவ்வொரு காலும் இந்தப் பேய்கிட்ட வந்து இருபது செகண்ட் நின்னுட்டுப் போகும். ஒரு இடத்துல இது தெரியாம ஒரு வாரம் ‘கஸ்டமர் எல்லாம் கட் பண்ணிடுறாங்க, நெட் ஸ்லோ’ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, நானும் முதல்ல நெட்டத்தான் நோண்டினேன்.

எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ-னு ரெண்டு போட்டிருக்கே, எது வேணும்?

பாக்ஸுக்கு எஃப்எக்ஸ்எஸ். அது ஃபோனுக்கு கரண்ட்டும் பெல்லும் கொடுக்கிற பக்கம். எஃப்எக்ஸ்ஓ-ங்கிறது டெலிஃபோன் கம்பெனி லைன் உள்ள வர்ற பக்கம். எஃப்எக்ஸ்எஸ் போர்ட்ட சுவத்துல இருக்கிற உயிரோட இருக்கிற லேண்ட்லைன் சாக்கெட்ல மட்டும் மாட்டிடாதீங்க, ரெண்டு பக்கமும் வோல்டேஜ் கொடுக்கும், அடாப்டர் போயிடும்.

இன்னும் லேண்ட்லைன் வச்சிருந்து, அத கேட்வே (லேண்ட்லைன விஓஐபி-யா மாத்துற பெட்டி) வழியா பிபிஎக்ஸுக்குள்ள கொண்டு வர்றவங்களுக்கு ஒரு சுலப வழி இருக்கு: பாக்ஸ கேட்வேக்கு முன்னாடியே, லைன் உள்ள வர்ற இடத்துலயே மாட்டிடலாம். அங்க அனலாக் சத்தம் இன்னும் உயிரோடதான் இருக்கு.

பெல் அடிக்குது, பாக்ஸ்ல லைட்டும் எரியுது, ஆனா நம்பர் வரல.

பத்துல எட்டு தடவை இது காலர் ஐடி ஸ்டாண்டர்ட் ஒத்துப்போகாத கேஸ். அனலாக் காலர் ஐடி உலகம் முழுக்க ஒண்ணு கிடையாது. வட அமெரிக்க முறைய பெல்கோர்னு சொல்வாங்க, முதல் ரிங் முடிஞ்சதும் எஃப்எஸ்கே சத்தம், 1200 ஹெர்ட்ஸும் 2200 ஹெர்ட்ஸும் மாறி மாறி வரும். ஐரோப்பால எட்ஸி முறை, 1300-ம் 2100-ம், சில நாட்டுல ரிங்குக்கு முன்னாடியே வரும். பிரிட்டன்ல லைன் போலாரிட்டிய, அதாவது பிளஸ் மைனஸ, மாத்திட்டு ரிங்குக்கு முன்னாடி அனுப்புவாங்க. நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், இந்தியா மாதிரி இடங்கள்ல டிடிஎம்எஃப், அதாவது பட்டன் அமுக்கினா வர்ற டோன்லயே நம்பர் வர்ற முறையும் உண்டு. ஜப்பான்ல தனி முறை.

இந்த லிஸ்ட் உங்க ஏடிஏ செட்டிங்ல ‘காலர் ஐடி ஸ்கீம்’, இல்ல ‘காலர் ஐடி மெத்தட்’னு ஒரு இடத்துல இருக்கும். நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கங்கிறது இங்க முக்கியமே இல்ல, பாக்ஸ் எந்த நாட்டுக்காக செஞ்சதுங்கிறதுதான் முக்கியம், ஏன்னா இப்போ எக்ஸ்சேஞ்ச் வேலைய பாக்கிறது உங்க ஏடிஏ. பாக்ஸ் அமெரிக்க மாடல்னா பெல்கோர் போடுங்க. தெரியலன்னா ஒவ்வொண்ணா மாத்தி, சேவ் பண்ணி, ரீபூட் பண்ணி, கால் போட்டுப் பாருங்க. ரீபூட் பண்ணாமலே ‘எல்லாத்தையும் ட்ரை பண்ணிட்டேன்’னு சொல்றவங்க நிறைய.

அது சரியா இருந்தும் வரலன்னா ரிங் பேட்டர்ன பாருங்க. வட அமெரிக்க ரிங் 2 செகண்ட் அடிச்சு 4 செகண்ட் நிக்கும், அந்த நாலு செகண்ட்லதான் டேட்டா போகணும். உங்க பிபிஎக்ஸ் ‘டிரிங் டிரிங், டிரிங் டிரிங்’னு வித்தியாசமான ரிங் அனுப்பினா அந்த இடைவெளி சுருங்கி பாக்ஸ் குழம்பும். சாதாரண ரிங்குக்கு மாத்துங்க.

இதையெல்லாம் நோண்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்: பாக்ஸ கழட்டிட்டு, டிஸ்ப்ளே இருக்கிற ஒரு சாதாரண ஃபோன அதே ஒயர்ல மாட்டுங்க. அதுல நம்பர் வந்தா ஏடிஏ சரி, பிரச்சினை பாக்ஸ்ல. வரலன்னா பாக்ஸ திட்டாதீங்க.

சில காலுக்கு நம்பர் வருது, சில காலுக்கு வரல.

யாரோ ரொம்ப சுறுசுறுப்பா இருக்காங்க. முதல் ரிங் முடியுறதுக்குள்ள ஃபோன எடுத்துட்டா சர்வர் ஏடிஏ-வ நிறுத்திடும், நம்பர் சத்தம் போக நேரமே கிடைக்காது. ரிங்குக்கு முன்னாடி அனுப்புற முறைய பாக்ஸ் ஏத்துக்கும்னா அதுக்கு மாத்துங்க. இல்லனா பிபிஎக்ஸ்ல ஏடிஏ-வ முதல்ல அடிக்க விட்டு, மத்த ஃபோன்கள மூணு நாலு செகண்ட் தள்ளி அடிக்க வைக்கலாம், பல பிபிஎக்ஸ்ல இந்த வசதி இருக்கு. கஸ்டமருக்கு அந்த மூணு செகண்ட் பெருசா தெரியாது.

இன்னொரு காரணம், ரெண்டு கால் ஒரே நேரத்துல அடிக்கிறது. ஒரு அனலாக் போர்ட் ஒரு நேரத்துல ஒரு காலத்தான் காட்டும். முதல் கால் அடிச்சிட்டு இருக்கும்போதே ரெண்டாவது வந்தா ஏடிஏ ‘பிஸி’ன்னு சொல்லிடும். இதுல ஒரு நல்ல விஷயம், முதல் கால எடுத்த உடனே போர்ட் ஃப்ரீ ஆயிடும், நீங்க பேசிட்டு இருக்கிற நேரம் கணக்குல வராது. அதனால எட்டு லைன் இருக்குன்னு எட்டு போர்ட் தேவையில்ல, பல இடத்துல ரெண்டே போதும்.

நாலு லைன் பாக்ஸ் இருக்கு, நாலு போர்ட் ஏடிஏ வாங்கி எல்லாத்தையும் மாட்டிட்டேன். இப்போ ஒரே கால் நாலு தடவை காட்டுது!

நாலு போர்ட்டையும் ஒரே ரிங் குரூப்ல போட்டிருப்பீங்க, நாலும் அடிக்கும், நாலும் காட்டும். முதல் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பு, அது பிஸின்னா ரெண்டாவதுக்கு, அதுவும் பிஸின்னா மூணாவதுக்குன்னு செட் பண்ணணும், ஏடிஏ-லயே ‘ஹன்ட் குரூப்’னு இருக்கும் பெரும்பாலும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், பழைய சிஸ்டத்துல ‘லைன் 2’ன்னு காட்டினா அது நிஜமாவே ரெண்டாவது டெலிஃபோன் லைன். இப்போ அந்த நம்பருக்கு எந்த அர்த்தமும் இல்ல, எந்த போர்ட் காலியா இருந்துச்சோ அதுதான். பில்லிங் சாஃப்ட்வேர்ல லைன் நம்பர வச்சு ‘இது எந்தக் கிளைக்கு வந்த கால்’னு பிரிக்கிறவங்க இத கவனிங்க.

நேரம் தப்பா காட்டுது, அஞ்சு மணி நேரம் முன்னாடி நிக்குது.

தேதி நேரம் காலர் ஐடி டேட்டாக்குள்ளயே வருது, பாக்ஸ் அதப் பாத்து தன்னோட கடிகாரத்த மாத்திக்கும். அந்த நேரத்த கொடுக்கிறது ஏடிஏ. அதுல டைம் சோனும், சரியான நேரம் கொடுக்கிற என்டிபி சர்வரும் சரி பண்ணுங்க. பாக்ஸ்ல எத்தனை தடவை நேரத்த மாத்தினாலும் அடுத்த கால்ல பழையபடி போயிடும்.

கோடெக் (பேச்ச டேட்டாவா மாத்துற முறை) மாத்தணுமா? ஜி.711-ல இருந்தாதான் வரும்னு சொல்றாங்க.

வேணாம். ஃபேக்ஸுக்கு சொன்ன அறிவுரைய இங்க கொண்டு வந்து ஒட்டியிருக்காங்க. நம்பர் எழுத்தா வருது, சத்தத்த ஏடிஏ உள்ளூர்லயே உண்டாக்குது. ஃபோன எடுக்கிறதுக்கு முன்னாடி ஆடியோவே ஓடல.

நெட்வொர்க்ல பாக்கெட் படிக்கிற டிவைஸ் வாங்கினேன். ஸ்விட்ச்ல சும்மா சொருகினா ஏன் எதுவும் பிடிக்கல?

ஸ்விட்ச் புத்திசாலி, அதான் காரணம். உங்க ஃபோனுக்கு வர்ற பாக்கெட்ட உங்க ஃபோன் இருக்கிற போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், பக்கத்துல சொருகியிருக்கிற டிவைஸுக்கு ஒரு எழுத்து கூட போகாது. அதுக்குத்தான் போர்ட் மிரரிங். ஒரு போர்ட்ல போறத இன்னொரு போர்ட்டுக்கும் காப்பி பண்ணுன்னு சொல்றது, சிஸ்கோ ஸ்விட்ச்ல இதுக்கு ஸ்பான்னு பேரு. ரொம்ப மலிவான, செட்டிங் பக்கமே இல்லாத ஸ்விட்சுல இது முடியாது.

எந்த போர்ட்ட மிரர் பண்ணணும்? சர்வர் வெளில, இன்டர்நெட்ல இருக்குன்னா ரவுட்டருக்குப் போற போர்ட், எல்லா காலும் அந்த ஒரே வாசல் வழியாத்தான் வரணும். பிபிஎக்ஸ் உள்ளேயே இருக்குன்னா பிபிஎக்ஸ் போர்ட். வீட்ல இருந்து வேலை பாக்கிறவங்க ஃபோனுக்கும் மொபைல் ஆப்புக்கும் நேரா வெளி சர்வர்ல இருந்து போற கால் உங்க ஆபீஸ் ஸ்விட்ச தொடவே தொடாது, அது இந்த டிவைஸுக்கு என்னைக்குமே தெரியப்போறதில்ல.

இதுல ஒரு குழி இருக்கு, நான் ஒரு முழு மத்தியானம் விழுந்து கிடந்த குழி. நிறைய ஸ்விட்சுல மிரர் காப்பி வாங்குற போர்ட் கேக்க மட்டும்தான் செய்யும், திரும்ப எதையும் நெட்வொர்க்குக்குள்ள அனுப்ப விடாது. டிவைஸ் நம்பர அழகா பிடிக்கும், ஆனா கம்ப்யூட்டருக்குச் சொல்ல வாய் இருக்காது. அந்த போர்ட்ல உள்ள வர்ற டிராஃபிக்க அனுமதிக்கிற ஆப்ஷன் ஸ்விட்சுல இருக்கான்னு பாருங்க, இல்லனா ரெண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கிற டிவைஸா வாங்குங்க.

மிரர் போர்ட்ல நம்பர் மட்டும் போகல, எல்லாரோட பேச்சும் போகுது, அதையும் யோசிங்க. அந்த ஓட்டைல ஒரு லேப்டாப்ப சொருகினா ஆபீஸ் முழுக்க பேசுறத ரெக்கார்ட் பண்ணிடலாம். ஸ்விட்ச் இருக்கிற ரேக்க பூட்டி வைங்க.

பழைய ஹப் ஒண்ணு இருக்கு, அதப் போட்டா மிரரிங் வேணாமே?

டெஸ்ட் பண்ண நல்லது, ஹப் எல்லாத்தையும் எல்லாருக்கும் கொட்டும். ஆனா நிரந்தரமா வைக்காதீங்க, 10 இல்லனா 100 எம்பிபிஎஸ் ஹாஃப் டியூப்ளக்ஸ் (ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்தான் டேட்டா போகும்), ஒரு பெரிய ஃபைல் டவுன்லோட் போனா பேச்சு உடையும், போஇ-யும் அதத் தாண்டி ஃபோனுக்குப் போகாது. அப்புறம், ‘ஹப்’னு அட்டைல போட்டு விக்கிறது பாதி ஸ்விட்சுதான்.

ஒரே கால் ஆறு தடவை பாப்அப் ஆகுது.

ஆறு ஃபோன் அடிக்குது, ஆறு இன்வைட் போகுது, டிவைஸ் ஆறையும் பாக்குது. பிபிஎக்ஸ் போர்ட்ட மிரர் பண்ணியிருந்தா வெளில இருந்து உள்ள வந்ததும் சேர்த்து ஏழு. இதுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கால்-ஐடி இருக்கும், பிபிஎக்ஸ் நடுவுல நின்னு புதுப் புது காலா ஆரம்பிக்குது, அதனால ‘டூப்ளிகேட்ட நீக்கு’ன்னு மட்டும் டிக் பண்ணா வேலை ஆகாது. டிவைஸ்ல ஃபில்ட்டர் இருக்கும், ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்குப் போறத மட்டும் எடு, இல்லனா வெளி சர்வர் ஐபில இருந்து வர்றத மட்டும் எடுன்னு வைங்க.

எல்லாம் சரியா பண்ணிட்டேன், ஆனாலும் டிவைஸ் ஒரு கால் கூட பாக்கல.

உங்க சர்வீஸ் டிஎல்எஸ்-ல ஓடுதான்னு பாருங்க, பெரும்பாலும் 5061 போர்ட். அப்படின்னா மெசேஜ் பூட்டி வருது, நடுவுல கேக்கிற எவராலும் படிக்க முடியாது, அதுக்காகத்தானே பூட்டுறாங்க. டிவைஸுக்காக பூட்ட கழட்டச் சொல்லி சில டெக்னீஷியன் சொல்வாங்க, நான் சொல்லமாட்டேன். தானே ஒரு எக்ஸ்டென்ஷனா ரெஜிஸ்டர் ஆகத் தெரிஞ்ச டிவைஸ் வாங்குங்க, இல்லனா ஏடிஏ, இல்லனா பிபிஎக்ஸ் வழி.

டிவைஸ் நம்பர் காட்டுது, பில்லிங் கம்ப்யூட்டர்ல பாப்அப் வரல.

இந்த வகை டிவைஸ் நிறைய யுடிபி பிராட்காஸ்ட்ல கத்தும், அதாவது ‘கால் வந்திருக்கு’ன்னு தெரு முழுக்க கேக்குற மாதிரி. ஆனா அந்தக் கத்தல் ஒரு தெருவத் தாண்டாது. ஃபோனுக்கு ஒரு விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள்ள தனியா பிரிச்ச நெட்வொர்க்), கம்ப்யூட்டருக்கு ஒரு விலேன்னு பிரிச்சு வச்சிருந்தா (அப்படி பிரிக்கிறதுதான் நல்ல பழக்கம்) அந்தப் பக்கம் கேக்காது. டிவைஸ்ல பிராட்காஸ்டுக்குப் பதிலா ஒரு குறிப்பிட்ட ஐபிக்கு அனுப்புற ஆப்ஷன் இருந்தா அதப் போட்டு, ரவுட்டர்ல அந்த ஒரு போர்ட்ட மட்டும் திறந்து விடுங்க.

விலேன் ஒண்ணுதான்னா விண்டோஸ் ஃபயர்வாலா இருக்கும். முதல் தடவை சாஃப்ட்வேர் ஓடும்போது ‘அனுமதிக்கவா’ன்னு கேட்டுச்சு, யாரோ வேண்டாம்னு அமுக்கியிருப்பாங்க. கம்ப்யூட்டர் வைஃபைல இருந்தா ஏபி ஐசோலேஷன் (வைஃபைல இருக்கிறவங்கள ஒருத்தரோட ஒருத்தர் பேச விடாத செட்டிங்) ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

நம்பர் வருது, ஆனா பழைய கஸ்டமர் பேர் வரமாட்டேங்குது, எல்லாரும் புது கஸ்டமரா தெரியுறாங்க.

பழைய லைன் வெறும் நம்பர் கொடுத்துச்சு, விஓஐபி முன்னாடி பிளஸும் நாட்டுக் கோடும் சேர்த்துக் கொடுக்குது. உங்க டேட்டாபேஸ்ல இருக்கிறது கோடு இல்லாத நம்பர், ரெண்டும் ஒண்ணா ஆகாது. சாஃப்ட்வேர்ல கடைசி பத்து இலக்கத்த மட்டும் ஒப்பிடச் சொல்லுங்க (உங்க நாட்டுல நம்பர் எத்தனை இலக்கமோ அது), இல்லனா பிபிஎக்ஸ்ல உள்ள வரும்போதே வெட்டிடுங்க. சர்வதேச முறைல நாட்டுக் கோட்டோட சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம், அதனால டேட்டாபேஸ் ஃபீல்ட 10-லயே அடைச்சு வைக்காதீங்க.

ரிங் குரூப்ல ‘சேல்ஸ்’னு முன்னாடி ஒரு லேபிள் ஒட்டியிருந்தாலும் இதே கதி. பேருக்கு முன்னாடி ஒட்டினா பரவால்ல, நம்பருக்கு முன்னாடி ஒட்டாதீங்க. இன்னொண்ணு, கான்டாக்ட்ல தமிழ்ல பேர் வச்சு அது ஏடிஏ வழியா பாக்ஸுக்குப் போனா கேள்விக்குறியா வரும், அந்தக் காலத்து ஃபார்மட் ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான் செஞ்சது, அதுவும் 15 எழுத்துக்கு மேல பல பாக்ஸ் காட்டாது.

எல்லா காலுக்கும் நம்ம கம்பெனி நம்பரே வருது!

வெளி நம்பர்ல இருந்து ஃபார்வர்ட் ஆகி வர்ற காலா இருக்கும், நடுவுல இருக்கிற சிஸ்டம் தன்னோட நம்பர ‘ஃப்ரம்’ல எழுதி அனுப்புது. இங்கதான் அந்த ரெண்டாவது வரி. சில சர்வீஸ் நிஜமா கூப்பிட்டவர் நம்பர ‘ஃப்ரம்’ல வைக்கும், சிலது ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’ல வைக்கும், ஏடிஏ-லயும் பிபிஎக்ஸ்லயும் எதப் படிக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும். ஊகிக்காதீங்க, ஒரு கால் போட்டு பாக்கெட்ட பிடிச்சு கண்ணால பாருங்க, வயர்ஷார்க்னு பாக்கெட் பாக்கிற சாஃப்ட்வேர்ல அஞ்சு நிமிஷ வேலை, பிபிஎக்ஸ் லாக்லயே கூட தெரியும். இன்வைட்ல எந்த வரிலயுமே சரியான நம்பர் இல்லனா உங்க பக்கம் எத மாத்தினாலும் வராது, அது ஃபார்வர்ட் பண்ற இடத்துல சரி பண்ண வேண்டியது.

‘அனானிமஸ்’னு வர்றத எடுக்க முடியுமா?

கூப்பிடுறவர் மறைக்கச் சொல்லியிருக்கார், சர்வீஸ் மறைச்சிருக்கு. எந்த டிவைஸ் வாங்கினாலும் தெரியாது. ‘தெரியும்’னு சொல்லி விக்கிறவங்ககிட்ட வாங்காதீங்க.

ஸ்கிரீன்ல வர்ற நம்பர நம்பலாமா?

அட்ரஸ் எடுத்துக் காட்ட, பழைய ஆர்டர் பாக்க, நம்பலாம். ‘இந்த நம்பர்ல இருந்து வந்தார், அதனால இவர்தான்’னு பணம் திருப்பிக் கொடுக்கவோ பாஸ்வேர்ட் மாத்தவோ நம்பாதீங்க. ‘ஃப்ரம்’ வரில எத வேணும்னாலும் எழுதலாம். அமெரிக்கால 2021 ஜூன் 30-ல இருந்து ஸ்டிர்-ஷேக்கன்னு ஒரு முறைய பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கினாங்க, நம்பருக்கு கையெழுத்துப் போட்டு அனுப்புற மாதிரி, ஆனா அந்தக் கையெழுத்தெல்லாம் உங்க டேபிள் மேல இருக்கிற பாக்ஸ் வரைக்கும் வந்து சேராது.

டிவைஸே இல்லாம முடியும்னு சொன்னீங்களே?

முடியும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதத்தான் சொல்வேன். ஆஸ்டரிஸ்க்ங்கிற பிபிஎக்ஸ் சாஃப்ட்வேர் வகைனா ஏஎம்ஐ-னு ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கு, 5038 போர்ட், ஒவ்வொரு காலுக்கும் என்ன நடக்குதுன்னு வரி வரியா சொல்லிட்டே இருக்கும், ஒரு சின்ன புரோகிராம் அதக் கேட்டு பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தள்ளிடலாம். அந்த போர்ட்ட இன்டர்நெட்டுக்குத் திறந்து மட்டும் விடாதீங்க, உள்ள நுழையுறவன் உங்க செலவுல உலகம் பூரா கால் போடுவான். வெளி சர்வீஸ்னா ‘வெப்ஹுக் (கால் தகவல தானா உங்க சாஃப்ட்வேருக்கு அனுப்புற வசதி) இருக்கா, கால் அடிக்க ஆரம்பிக்கும்போதே வருமா, இல்ல முடிஞ்சப்புறம்தான் வருமா’ன்னு கேளுங்க. ரெண்டாவது கேள்விதான் முக்கியம், முடிஞ்சப்புறம் வர்றது ரிப்போர்ட்டுக்கு ஆகும், பாப்அப்புக்கு ஆகாது. இங்க ஃபோன் வீட்ல இருந்தாலும் மொபைல்ல இருந்தாலும் எல்லா காலும் தெரியும், ஏன்னா எல்லா காலும் போற இடத்துலயே உட்கார்ந்திருக்கோம்.

சிக்கல் என்னன்னா உங்க பில்லிங் சாஃப்ட்வேர் பழசா இருந்து ‘சீரியல் போர்ட்ல இந்த பாக்ஸ் பேசினாதான் கேப்பேன்’னு அடம் பிடிச்சா இந்த வழி அடைஞ்சிடும். அப்போ ஏடிஏ-தான் கதி, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

பேசிட்டு இருக்கும்போது வர்ற ரெண்டாவது காலும் பாக்ஸ்ல தெரியுமா?

பாக்ஸ் ஏடிஏ-ல தனியா மாட்டியிருந்தா தெரியும், ஏன்னா அதப் பொறுத்தவரை அது சும்மாதான் இருக்கு, புதுசா ஒரு கால் வருது. ஏடிஏ-ல ஃபோனும் சேர்த்து மாட்டி அதுலயே பேசுறீங்கன்னா அது வேற, கால் வெயிட்டிங் காலர் ஐடி, பாக்ஸும் ‘டைப் 2’ வகையா இருக்கணும், பழசுல பாதி அப்படி இல்ல. அதனால அந்த போர்ட்ட பாக்ஸுக்கு மட்டும் விட்டுடுங்க, பேசுறத டேபிள் ஃபோன்ல பேசுங்க.